செங்டுவில் வாழ்வதும் பாடம் நடத்துவதும்: ஆளுக்கொன்று சொன்னால் எதை எடுத்துக்கொள்வது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டுவில் இரண்டு தடவை ஆசிரியராக இருந்தேன். முதலில் 2017 முதல் 2019 வரை, அப்புறம் 2023 முதல் 2025 வரை. இரண்டு தடவையும் பள்ளியின் சர்வதேசப் பிரிவில், அதாவது வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கான பிரிவில், பிரிட்டிஷ் பாடத்திட்டமான ஏ லெவல் இயற்பியல் நடத்தினேன். ஊர் திரும்பியதிலிருந்து வாரத்துக்கு இரண்டு பேராவது கூப்பிட்டுக் கேட்கிறார்கள். எல்லாரும் ஏற்கெனவே நாலு பேரிடம் விசாரித்து, நாலு விதமான பதில் வாங்கி, குழம்பிப்போய்த்தான் வருகிறார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

"அக்கா, ஒருத்தர் 'செங்டு சொர்க்கம், உடனே கிளம்பு'ங்கிறார். இன்னொருத்தர் 'அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்காதே'ங்கிறார். ரெண்டு பேருமே அங்க வேலை பார்த்தவங்கதான். யாரை நம்புறது?"

இரண்டு பேரையும் நம்பலாம். நானே இரண்டையும் சொன்னவள். 2019இல் ஊருக்கு வந்தபோது, கேட்டவர்களிடமெல்லாம் "வேண்டவே வேண்டாம்" என்றேன். அப்போது நான் வேலை பார்த்த பள்ளி சம்பளத்தை மாதக்கணக்கில் இழுத்தடித்தது. விடுதி அறை நகரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தது. 2025இல் வந்தபோது "தாராளமாகப் போங்கள்" என்றேன். அதே ஊர், அதே மேகமூட்டம், அதே மிளகாய்தான். வேலை கொடுத்த பள்ளி மட்டும் வேறு. ஊரைப் பற்றிய கருத்து என்று நம் காதுக்கு வருவதில் பாதிக்கு மேல் அவரவர் வேலை பார்த்த இடத்தைப் பற்றியது.

அதனால் யார் என்ன சொன்னாலும் முதலில் நாலு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வருடம் அங்கே இருந்தார், எந்த மாதிரி இடத்தில் வேலை பார்த்தார், கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட், தனியாளா குடும்பமா. இந்த நாலும் தெரிந்துவிட்டால் எதிரும் புதிருமாகத் தெரிந்த பல கருத்துகள் ஒன்றோடொன்று மோதவே இல்லை என்பது புரியும். கீழே வரும் பதில்களில் இந்த நாலும் அடிக்கடி தலைகாட்டும்.

"முதல்ல செங்டு எப்படிப்பட்ட ஊர்னு சொல்லுங்க. பெய்ஜிங், ஷாங்காய் மாதிரியா?"

இல்லை. அது மேற்குச் சீனாவில், மலை சூழ்ந்த சிச்சுவான் வடிநிலத்தில் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 2 கோடிக்கும் மேல். அவ்வளவு பெரிய ஊராக இருந்தும் நடை மெதுவானது. "இளமையில் சிச்சுவானுக்குள் போகாதே, முதுமையில் அங்கிருந்து வெளியேறாதே" என்று சீனர்களிடம் ஒரு பழமொழி உண்டு. இளவயதில் போனால் அந்தச் சுகத்தில் சோம்பேறியாகிவிடுவாய் என்று பொருள். ஊர்க்காரர்கள் வாய்க்கு வாய் சொல்லும் வார்த்தை "பாஷி". சௌகரியம், சுகம் என்று அர்த்தம்.

மக்கள் பூங்காவில் ஹெமிங் என்று ஒரு பழைய தேநீர்க்கடை இருக்கிறது. மூங்கில் நாற்காலி, மூடி போட்ட கிண்ணம், கீழே ஒரு தட்டு. ஒரு கிண்ணத் தேநீருக்குக் காசு கொடுத்தால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கலாம். வெந்நீர் தீர்ந்துவிட்டால் வாய் திறந்து கேட்க வேண்டாம். மூடியைத் திறந்து சாய்த்து வைத்தால் போதும், கெட்டிலோடு ஆள் வந்துவிடுவார். காது குடைபவர்கள் இடுக்கியைக் கணீரென்று தட்டிக்கொண்டு மேசை மேசையாக வருவார்கள். என் தேர்வுத்தாள் கட்டுகளில் பாதியை அங்கே உட்கார்ந்துதான் திருத்தினேன்.

இந்த வேகம் எல்லாருக்கும் பிடிக்காது. ஷாங்காயிலிருந்து வந்த சக ஆசிரியர் ஒருவருக்கு மூன்றே மாதத்தில் சலித்துவிட்டது. அவர் சொன்ன குறையும் நான் சொல்லும் நிறையும் ஒரே விஷயந்தான்.

"நான் எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். இந்திய பாஸ்போர்ட். இங்கிலீஷ் டீச்சரா போகலாம்னு ஒருத்தர் சொன்னார், முடியவே முடியாதுன்னு இன்னொருத்தர் சொன்னார்."

"போகலாம்" என்றவர் எந்த பாஸ்போர்ட் வைத்திருந்தார் என்று கேட்டீர்களா? சீன விதிப்படி வெளிநாட்டு மொழி ஆசிரியர் பொதுவாகத் தன் தாய்மொழியைத்தான் கற்பிக்க வேண்டும். அந்த மொழி பேசும் நாட்டில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். இரண்டு வருட அனுபவமும் வேண்டும். கல்வியியல் பட்டமோ ஆசிரியர் சான்றிதழோ இருந்தால் அந்த அனுபவத்துக்கு மட்டும் விலக்கு கிடைக்கும். ஆங்கிலம் என்றால் நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள். நாம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலவழியில் படித்திருந்தாலும் அந்தப் பட்டியலில் இந்தியாவோ இலங்கையோ வராது. இது நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி இந்த விதியை வைத்துத்தான் பார்ப்பார்.

டொராண்டோவில் வளர்ந்த தமிழருக்கும் மதுரையில் வளர்ந்த தமிழருக்கும் ஒரே ஊர் இரண்டு விதமாகத் தெரிவதற்கு இதுதான் முதல் காரணம். நம் பாஸ்போர்ட்டோடு போகிறவர்களுக்கு ஓரளவு நேரான வழி பாட ஆசிரியர் வேலை. இயற்பியல், கணிதம், வேதியியல், பொருளாதாரம், கணினி இவற்றில் பட்டமும் அதே துறையில் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் சர்வதேசப் பிரிவுகளில் வாய்ப்பு இருக்கிறது. நான் போனது அப்படித்தான்.

"ஏஜென்ட் ஒருத்தர், 'டூரிஸ்ட் விசாவுல வந்துடுங்க, அங்க போய் மாத்திக்கலாம்'ங்கிறார். பலபேர் அப்படித்தான் போனாங்களாம்."

போகாதீர்கள். இதில் மட்டும் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை. சுற்றுலா விசாவில் வேலை பார்த்தால் அபராதம் 5,000 யுவானிலிருந்து 20,000 யுவான் வரை. கடுமையான நிலையில் 5 முதல் 15 நாள் காவல், அதன்பின் நாடு கடத்தவும் செய்யலாம். மாட்டிக்கொள்வது நீங்கள்தான். ஏஜென்ட் சென்னையிலோ கொழும்பிலோ உட்கார்ந்திருப்பார்.

முறையான வழி இது. பள்ளி முதலில் உங்கள் பெயரில் வேலை அனுமதி அறிவிப்பை வாங்கும். அதைக் காட்டி ஊரிலேயே இசட் (Z) எனப்படும் வேலை விசா எடுக்க வேண்டும். சீனாவுக்குள் நுழைந்து 24 மணி நேரத்துக்குள் தங்குமிடத்தைக் காவல் நிலையத்தில் பதிய வேண்டும், 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பட்டச் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ், காவல்துறை நற்சான்று இவற்றுக்கெல்லாம் முத்திரை வாங்க எனக்கு மூன்று மாதம் ஆனது. "பத்தே நாளில் முடிச்சுடலாம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

"வாரத்துக்கு 16 பீரியட்தான், மிச்ச நேரமெல்லாம் ஊர் சுத்தலாம்னு ஒரு அண்ணா சொன்னார். என் ஃப்ரெண்டோ காலையில 7 மணிக்குப் போனா ராத்திரி 9 ஆகுதுன்னு அழறா. அதே ஊர்தானே?"

அந்த அண்ணா பல்கலைக்கழகத்தில் இருந்திருப்பார். உங்கள் ஃப்ரெண்ட் விடுதியோடு கூடிய தனியார் பள்ளியில் இருப்பார். நாலு கேள்வியில் இரண்டாவது இதுதான். அரசுப் பல்கலைக்கழகங்களில் பாடநேரம் குறைவு, வளாகத்துக்குள்ளேயே வீடு கிடைக்கும், குளிர்கால விடுமுறையும் கோடை விடுமுறையும் நீளம். சம்பளம் மட்டும் குறைவு. பள்ளிகளின் சர்வதேசப் பிரிவில் சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பு, ஆனால் காலையிலிருந்து மாலைவரை அங்கேயே இருக்க வேண்டும். சில இடங்களில் பிள்ளைகளின் இரவுப் படிப்பு நேரத்துக்கும் ஆசிரியர் உட்கார வேண்டும். பயிற்சி மையம் என்றால் மற்றவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் மாலையும் சனி, ஞாயிறும்தான் உங்களுக்கு வேலை நேரம்.

ஒப்பந்தத்தில் "வாரம் 20 பாடவேளை" என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. பள்ளியில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை இருக்க வேண்டும் என்பதும் எழுத்தில் வேண்டும். என் முதல் ஒப்பந்தத்தில் 18 பாடவேளை. ஆனால் காலை 7.40க்கு வருகைப் பதிவு, மாலை 6 மணிக்கு இன்னொரு பதிவு.

"2018ல போன என் சீனியர், தெருவுக்குத் தெரு டியூஷன் சென்டர், வேலை கொட்டிக் கிடக்குன்னார். இப்ப ஒண்ணும் இல்லைங்கிறாங்களே?"

இரண்டு பேரும் சரி, வருடந்தான் வேறு. 2021 ஜூலையில் சீன அரசு "ஷுவாங்ஜியான்" என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. வீட்டுப்பாடச் சுமை, டியூஷன் சுமை இரண்டையும் குறைப்பதுதான் நோக்கம் என்று சொன்னார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு முக்கியப் பாடங்களில் லாப நோக்கோடு டியூஷன் நடத்தக்கூடாது என்று ஆனது. வார இறுதியில் நடத்துவதற்கும் தடை. ஆங்கிலமும் அந்த முக்கியப் பாடங்களில் ஒன்று. பெரிய பெரிய நிறுவனங்களே ஆட்டம் கண்டன. நியூ ஓரியன்டல் என்ற டியூஷன் நிறுவனம் மட்டும் 60,000 பேரை வேலையைவிட்டு அனுப்பியதாக அதன் நிறுவனரே சொன்னார்.

முதல் தடவை நான் குடியிருந்த தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று மாடிக்கு ஆங்கில மையங்கள் இருந்தன. 2023இல் அந்த வழியாகப் போனபோது ஒரு மாடியில் பூப்பந்து அரங்கம், இன்னொன்றில் கையெழுத்துப் பயிற்சி. ஆகவே 2021க்கு முன் வேலை பார்த்தவர் வேலைவாய்ப்பைப் பற்றிச் சொல்வதை வரலாறாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு, மனிதர்கள், ஊர் பற்றி அவர் சொல்வது இன்றைக்கும் செல்லும்.

"கோவிட் சமயத்துல இருந்த ஒருத்தங்க சொன்னதைக் கேட்டா பயமா இருக்கு."

அவர்கள் பட்டது உண்மை. 2022 செப்டம்பரில் 2 கோடிப் பேர் உள்ள அந்த நகரம் முழுவதையும் பூட்டினார்கள். அதற்கு முந்தின மாதந்தான் கடும் வெப்பமும் வறட்சியும் வந்து, நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருக்கும் சிச்சுவானில் மின்வெட்டு. ஊரடங்குக்கு நடுவில் அதே மாகாணத்தில் உள்ள லூடிங்கில் பெரிய நிலநடுக்கம், அதன் அதிர்வு செங்டு வரை வந்தது. அந்த ஒரு கோடையை வைத்து ஊரை வெறுத்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

2022 டிசம்பரில் அந்தக் கட்டுப்பாடுகள் விலகின. 2023 ஜனவரி 8 முதல் எல்லையும் திறந்தது. அவர்கள் சொல்வதில் இன்றைக்கும் பயன்படும் பகுதி ஒன்று இருக்கிறது. நெருக்கடி வந்தபோது அவர்களுடைய பள்ளி எப்படி நடந்துகொண்டது? சாப்பாடு கொண்டுவந்து கொடுத்ததா, சம்பளத்தைப் பிடித்ததா? அதைக் கேளுங்கள்.

"'செங்டு'ன்னுதான் விளம்பரத்துல போட்டிருந்தாங்க. ஆனா போனவர் 'அது செங்டுவே இல்லை'ங்கிறார். இது என்ன கூத்து?"

நிர்வாகக் கணக்கில் செங்டு என்பது 14,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர். ஆகவே தூஜியாங்யானில் மலையடிவாரத்தில் உள்ள பள்ளியும், கிழக்கே ஜியான்யாங்கில் உள்ள பள்ளியும் விளம்பரத்தில் "செங்டு" என்று போடலாம். அதில் பொய்யும் இல்லை. நான் முதலில் ஏமாந்தது இதில்தான்.

பள்ளியின் சீன முகவரியைக் கேட்டு வாங்குங்கள். மெட்ரோ நிலையம் எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பாருங்கள். முதல் மெட்ரோ தடம் 2010இல்தான் வந்தது, இன்று பத்துக்கும் மேற்பட்ட தடங்கள் ஓடுகின்றன. நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு இருந்தால் வாழ்க்கையே வேறு. ஊரோரத்தில் இருந்தவர் "ஒன்றுமே இல்லாத ஊர்" என்பார், நகரத்தின் தெற்கே தியான்ஃபு பக்கம் இருந்தவர் "எல்லாம் காலடியில்" என்பார்.

"சம்பளம் மிச்சமாகுமா? ஒருத்தர் பாதிக்குப் பாதி மிச்சம்ங்கிறார், ஒருத்தர் கடனோட வந்தார்."

மிச்சமாகும். முதல் பள்ளியில் எனக்கு மாதம் 16,000 யுவான், இரண்டாவதில் 24,000. இரண்டாம் தடவை இருந்தபோது ஒரு யுவான் ஏறக்குறைய 12 ரூபாய். அந்த ஊரில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் 10 முதல் 15 யுவான், மெட்ரோ 2 யுவானிலிருந்து. ஒரு படுக்கையறை வீட்டுக்கு நான் 2,600 கொடுத்தேன். தனியாளாக, உள்ளூர்ச் சாப்பாடு சாப்பிட்டு இருந்தால் பாதி மிச்சம் பிடிப்பது பெரிய காரியமில்லை. மேற்கத்திய உணவகம், வார இறுதிக் கொண்டாட்டம், விடுமுறைக்கு விடுமுறை விமானம் என்று இருந்தால் கரையும்.

ஆனால் கேட்கும்போது வரிக்கு முன்பா பின்பா என்று தெளிவாகக் கேளுங்கள். வரி 3 சதவீதத்திலிருந்து 45 வரை படிப்படியாக ஏறும். வரி கட்டிய ரசீதை மாதாமாதம் வாங்கி வையுங்கள். ஊருக்குப் பணம் அனுப்ப வங்கியில் அதைத்தான் பாஸ்போர்ட்டோடும் ஒப்பந்தத்தோடும் சேர்த்துக் கேட்பார்கள். சம்பளத்தில் ஒரு பங்கைப் பள்ளி கையில் ரொக்கமாகத் தந்தால் அந்தப் பணத்துக்கு ரசீது இருக்காது. கடனோடு வந்தவர் கதை பெரும்பாலும் முதலாம் பதிலில் சொன்ன மாதிரிப் பள்ளியின் கதையாகத்தான் இருக்கும்.

"வெயிலே வராதாமே? காத்தும் மோசமாமே?"

வெயில் விஷயம் முழுக்க உண்மை. ஆண்டுக்குச் சுமார் 1,000 மணி நேரந்தான் சூரியன் தெரியும். "சிச்சுவான் நாய் சூரியனைப் பார்த்துக் குரைக்கும்" என்பது அங்கே பழைய சொலவடை, அவ்வளவு அபூர்வம். என்றைக்காவது பளிச்சென்று வெயிலடித்தால் ஊரே போர்வையைக் காயப்போட்டுவிட்டுப் பூங்காவுக்கு ஓடும். மனச்சோர்வு வரும் சுபாவம் உள்ளவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை எனக்கே கஷ்டமாக இருந்தது. முதல் வருடம் அதை வேலை மேல் உள்ள வெறுப்பு என்று நினைத்தேன். பாதி மேகம் செய்த வேலை என்பது பிறகுதான் புரிந்தது.

காற்று முன்னைக்கு இப்போது பரவாயில்லை. 2013இல் சீன அரசு காற்று மாசுக்கு எதிரான திட்டத்தைத் தொடங்கிய பின் நன்றாகவே குறைந்திருக்கிறது. ஆனால் சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணம் மாதிரி ஊர் என்பதால் குளிர்காலத்தில் புகை தங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் சுத்திகரிப்பான் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"பெய்ஜிங்ல மைனஸ்ல போகும், செங்டுல குளிரே இல்லைன்னாங்க."

தெர்மாமீட்டர்படி சரி. ஜனவரியில் சராசரி 5, 6 டிகிரி, பனி விழுவது அபூர்வம். ஆனால் வடக்கே நகரம் முழுவதற்கும் குழாயில் வெப்பம் வரும். சின்லிங் மலைக்குத் தெற்கே, அதாவது செங்டு இருக்கும் பக்கம், அந்த ஏற்பாடு கிடையாது. பெய்ஜிங்கில் வெளியேதான் குளிர். செங்டுவில் வீட்டுக்குள், வகுப்புக்குள், எலும்புக்குள். கோட்டைக் கழற்றாமல் கரும்பலகையில் எழுதுவேன். ஜன்னலைச் சாத்தினால் காற்றோட்டம் வேண்டும் என்று பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்துபோய்த் திறந்துவிடுவான். மின்சார மெத்தைவிரிப்பு ஒன்று முதல் வாரமே வாங்கிவிடுங்கள்.

"நான் சுத்த சைவம். பட்டினிதான்னு ஒருத்தர், கவலையே இல்லைன்னு ஒருத்தர்."

இடைப்பட்ட நிலைதான். காய்கறியும் தோஃபுவும் நம் ஊரைவிட அதிக வகை கிடைக்கும், காரமும் நம் நாக்குக்குச் சரியாக வரும். மிளகாய் அவர்களுக்கும் நமக்கும் வெளியிலிருந்து வந்ததுதான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து. ஹுவாஜாவ் என்ற மரத்துப்போக வைக்கும் மிளகு மட்டும் புதிது, பழக ஒரு மாதம் ஆகும். பிரச்சினை மறைந்திருக்கும் இறைச்சியில். மாப்போ தோஃபுவில் கொத்துக்கறி, ஹாட்பாட்டில் மாட்டுக்கொழுப்பு, கீரை வதக்கலில்கூடப் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். "இறைச்சி வேண்டாம்" என்றால் துண்டுகளை எடுத்துவிட்டு மிச்சத்தைத் தருவார்கள். "வோ ச்சி சு", அதாவது "நான் சைவ உணவு உண்பவள்" என்று சொன்னால் பௌத்த விரதம் என்று புரிந்துகொண்டு கவனமாகச் செய்வார்கள். வென்ஷு மடாலயத்தின் சைவ உணவகத்தில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம்.

பருப்பு, புளி, மசாலாவைத் தாவ்பாவ் என்ற இணையக் கடையில் வரவழைத்தேன். பச்சைக் கறிவேப்பிலைக்குத்தான் ஏங்கினேன். வீட்டில் சமைக்கத் தெரிந்தவருக்குக் கவலையில்லை. பள்ளி உணவகத்தையே நம்பியிருப்பவர் அந்தப் "பட்டினி"க்காரர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"கறுப்பா இருந்தா ஒதுக்குவாங்களா? உண்மையைச் சொல்லுங்க அக்கா."

தெருவில் ஒதுக்க மாட்டார்கள், உற்றுப் பார்ப்பார்கள். டாக்ஸியில் ஏறியதும் "இந்தியாவா?" என்று கேட்டு, உடனே ஆமிர் கானைப் பற்றிப் பேசுவார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி என் கையைத் தடவிப் பார்த்து, வெயிலில் நின்றாயா என்று கேட்டாள். சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதே பாட்டிதான் எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக்கொண்டு வந்தாள்.

வேலை தேடும்போது கதை வேறு. விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பார்கள். தகுதியெல்லாம் சரி என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் படம் போனதும் பதில் போடாமல் விட்டது எனக்கு இரண்டு தடவை நடந்தது. "பெற்றோர் வெள்ளைக்காரர் முகத்தை எதிர்பார்க்கிறார்கள்" என்று ஒரு ஆள்சேர்ப்பவர் நேராகவே சொன்னார். "நிறபேதமே இல்லை" என்று சொல்லும் வெள்ளைக்கார ஆசிரியர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது நடந்திருக்காது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தில் நம் நிறத்தோடு அங்கே இருந்தவரிடம் மட்டும் கேளுங்கள். வகுப்புக்குள் போன பிறகு பிள்ளைகள் பார்ப்பது பாடம் புரிகிறதா என்பதைத்தான்.

"பொண்ணு தனியா இருக்கலாமா?"

இருக்கலாம். இரவு 11 மணிக்குக் கடைசி மெட்ரோவில் இறங்கித் தனியாக நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறேன், ஒரு நாளும் பயந்ததில்லை. திரும்பி வந்த பிறகு நான் மிகவும் இழந்தது அதைத்தான். எங்கு பார்த்தாலும் கேமரா இருக்கும்.

"அந்தக் கேமரா கிளாஸ்லயும் இருக்குமாமே. என்ன பேசினாலும் பிரச்சினையா?"

பல வகுப்புகளில் இருக்கும். இயற்பியல் நடத்துபவருக்கு அன்றாடத்தில் தொந்தரவில்லை. திபெத், தைவான், தியானன்மென் 1989, கட்சித் தலைமை இவற்றை வகுப்பில் தொடக்கூடாது என்பது எழுதாத விதி. மதப் பிரசாரமும் கூடாது. வரலாறு, பொருளாதாரம், இலக்கியம் நடத்துபவர்களுக்கு இது நிஜமான இறுக்கம். எதையும் மனம்விட்டு விவாதித்தே பழகியவர்களுக்கு மூச்சுமுட்டும், அவர்கள் சொல்வதைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

இந்தியர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. நம் ஊர் வரைபடத்தைத் திரையில் போடாதீர்கள். அருணாசலப் பிரதேசமும் அக்சாய் சின்னும் அவர்கள் வரைபடத்தில் வேறு மாதிரி இருக்கும். பருவமழையை விளக்க நான் ஒரு படம் போட்டேன். ஒரு மாணவி கையைத் தூக்கினாள், படத்தை எடுத்துவிட்டேன்.

"பசங்க தங்கம்னு சிலர், கிளாஸ்ல தூங்குறாங்கன்னு சிலர்."

தங்கங்களும் தூங்கும். விடுதிப் பள்ளியில் காலை ஆறு, ஆறரைக்கு எழுந்து, இரவுப் படிப்பு முடித்து, அதற்குப் பிறகும் போர்வைக்குள் படிக்கும் பிள்ளைகள் அவர்கள். மதியம் மேசை மேல் சின்னத் தலையணை வைத்து வகுப்பே தூங்கும், அது கால அட்டவணையிலேயே உண்டு. ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டுக் கண்களைச் சுற்றி விரலால் அழுத்தும் பயிற்சியும் உண்டு. முதல் வாரம் ஒரு பையன் என் வகுப்பில் தலை கவிழ்ந்தபோது அவமானமாக இருந்தது. வகுப்புப் பொறுப்பாசிரியரிடம் சொன்னேன். அவன் முந்தின இரவு ஒரு மணிவரை ஆங்கிலத் தேர்வுக்குப் படித்த கதையை அவர் சொன்னார். மறுநாள் அவனே வந்து, தூங்கிப்போன பகுதியின் கணக்குகளை எல்லாம் போட்டுக் காட்டினான்.

சர்வதேசப் பிரிவுப் பிள்ளைகள் காவ்காவ் என்ற தேசிய நுழைவுத் தேர்வை எழுதுவதில்லை, வெளிநாடு போகத் தயாராகிறவர்கள். அவர்களில் சிலர் வீட்டார் தள்ளிவிட்டதால் வந்திருப்பார்கள், ஆர்வம் இருக்காது. கேள்வி கேட்கச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். வகுப்பு முடிந்ததும் ஆறு பேர் மேசையைச் சூழ்ந்துகொள்வார்கள். அந்த இடைவேளைப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் இரண்டாம் தடவை போனேன்.

"வீட்டோட எப்படிப் பேசுறது? வாட்ஸ்அப் வராதே."

வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் வராது. அங்கே எல்லாரும் வீசாட். அதை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது, ஆகவே அம்மாவின் போனில் அதைப் போட வழியில்லை. இலங்கையில் உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வெளிநாட்டு ரோமிங் சிம் போட்டால் வாட்ஸ்அப் வரும், நான் அப்படித்தான் சமாளித்தேன். இந்தத் தடையைத் தாண்ட விபிஎன் என்ற செயலியைப் பலர் வைத்திருக்கிறார்கள். அனுமதியில்லாத விபிஎன் சட்டப்படி தவறு என்பதால் நான் அதைச் சொல்ல மாட்டேன். 2023 நடுவிலிருந்து அங்கே கடைகளில் பணம் கொடுக்கப் பயன்படும் அலிபே, வீசாட் செயலிகளில் வெளிநாட்டு வங்கி அட்டையை இணைக்க முடிவதால் முதல் வாரத் தவிப்பு முன்போல் இல்லை.

"ஒப்பந்தத்தைப் பாதியில விட்டா விடமாட்டாங்களாமே?"

பள்ளி உங்களை விட்டுத்தான் ஆக வேண்டும். சீனத் தொழிலாளர் ஒப்பந்தச் சட்டப்படி 30 நாள் முன்பே எழுத்தில் சொல்லிவிட்டு விலகலாம். ஒரு வருடமோ அதற்கு மேலோ, ஆனால் மூன்று வருடத்துக்குள் உள்ள ஒப்பந்தத்தில் தகுதிகாண் காலம் இரண்டு மாதத்தைத் தாண்டக்கூடாது. சிக்கல் காகிதத்தில் வரும். வேலை விலகல் சான்றும், வேலை அனுமதியை ரத்து செய்த சான்றும் பழைய பள்ளி தந்தால்தான் புதுப் பள்ளி உங்களை எடுக்க முடியும். என் முதல் பள்ளி இதைத்தான் கையில் வைத்துக்கொண்டு மிரட்டியது.

நான் அப்போது பயந்துபோய் ஊருக்கு வந்துவிட்டேன். பிறகு தெரிந்தது, தொழிலாளர் தகராறு நடுவர் குழுவில் புகார் கொடுக்கக் கட்டணமே இல்லை. 12333 என்ற எண்ணில் விசாரிக்கலாம். அதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். வீசாட் உரையாடல், சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஒப்பந்தத்தின் சீனப் பிரதியை வேறு ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு மொழிப் பிரதிகளும் முரண்பட்டால் சீனப் பிரதிதான் செல்லும் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

"அந்த ஸ்கூல்ல இப்ப இருக்கிற ஒருத்தரோட பேச ஏற்பாடு பண்ணித் தர்றாங்களாம். அவர் நல்லதாத்தானே சொல்வார்?"

நல்லதாகத்தான் சொல்வார். ஆனாலும் பேசுங்கள். "பள்ளி எப்படி?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்பார். போன மாதச் சம்பளம் எந்தத் தேதி வந்தது, போன வருடம் இருந்த வெளிநாட்டு ஆசிரியர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள், எனக்கு முன் இந்த வகுப்பை எடுத்தவர் எங்கே போனார் என்று கேளுங்கள். பதில் தேதியாகவும் எண்ணிக்கையாகவும் வந்தால் சரி. இழுத்தால் கவனிக்க வேண்டும். முடிந்தால் விலகிப்போன ஒருவரையும் பிடியுங்கள். அவர் கோபத்தில் பேசினாலும் கோபத்துக்கு நடுவில் நடந்த சம்பவம் ஒன்றிரண்டு இருக்கும்.

இரண்டாம் பள்ளியை நான் தேர்ந்தெடுத்தது அப்படித்தான். விலகிப்போனவர் முதல்வரை அரைமணி நேரம் திட்டினார். கடைசியில் "சம்பளம் மட்டும் 10ஆம் தேதி தவறாது" என்றார்.

"சரி, நீங்க சொல்றதை மட்டும் ஏன் அப்படியே நம்பணும்?"

நம்ப வேண்டாம், அந்த நாலு கேள்வியை என்னிடமும் கேளுங்கள். 2017 முதல் 2019, 2023 முதல் 2025. இரண்டும் தனியார் பள்ளியின் சர்வதேசப் பிரிவு. இந்திய பாஸ்போர்ட். தனியாள். ஆகவே வகுப்பறை, சம்பளம், குளிர், நிறம் பற்றி எழுதியது நானே பட்டது. பல்கலைக்கழகம் பற்றியும் 2022 கோடை பற்றியும் எழுதியது அங்கே இருந்த நண்பர்கள் சொன்னது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள், பிள்ளைகளோடு அங்கே இருந்த ஒருவரைத் தேடிப்பிடித்துப் பள்ளிக் கட்டணத்தைப் பற்றி முதலில் கேளுங்கள். துணையாக வருபவருக்குக் குடும்ப விசாதான் கிடைக்கும், அதில் வேலை பார்க்க முடியாது.